எந்த ஊர்க் கோர்ட்டு?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்கத்தின் படிப்பகத்தில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மஞ்சள் துணிப்பையுடன் பெரியவர் ஒருவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். தருமபுரிப் பக்கத்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தச்சு வேலைக்காக மைசூருக்கு வந்து, இங்கேயே சிறிய வீடொன்று கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். "தம்பி, சங்கப் பத்திரிகையில் சட்டம் எழுதுகிறவர் நீங்கள்தானே?" என்றார். நாம் ரயில்வேயில் ஒரு குமாஸ்தாவே அன்றி வக்கீல் அல்லோம் என்பதை முதலில் சொல்லிவிட்டோம். "அது தெரியும். வக்கீலிடம் போவதற்கு முன்னால் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது தமிழில் சொன்னால் போதும்" என்று பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அது அவருடைய மகன் மைசூர் சிவில் கோர்ட்டில் தாக்கல் செய்திருந்த பிராது. புரட்டிப் பார்த்தோம். நீதிபதியின் குறிப்பு அதன்மேல் எழுதப்பட்டிருந்தது: தாக்கலான தேதி, திருப்பித் தரப்பட்ட தேதி, தாக்கல் செய்தவர் பெயர், திருப்பித் தந்ததற்கான காரணம் இரண்டு வரியில். காரணம் இதுதான்: வாதியின் நியமனக் கடிதத்தில் 'இந்த வேலை ஒப்பந்தத்திலிருந்து எழும் எந்தத் தகராறும் மும்பை நீதிமன்றங்களின் தனி அதிகாரத்துக்கு மட்டுமே உட்பட்டது' என்று ஒரு ஷரத்து இருக்கிறது, ஆதலால் மும்பையில் உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள்ளவும்.

"தோற்றுவிட்டானா?" என்று கேட்டார் பெரியவர்.

தோற்கவில்லை. ஆட்டமே தொடங்கவில்லை. ஆனால் அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க நமக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரப் பேச்சையே சற்று ஒழுங்குபடுத்தி இம்மாதம் அன்பர்களுக்கு எழுதுகிறோம். ஊர் விட்டு ஊர் வந்து உத்தியோகம் பார்க்கும் குடும்பங்களில் இந்த ஷரத்து இல்லாத நியமனக் கடிதம் இக்காலத்தில் அரிது.

பையன் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் மைசூர்க் கிளையில் மேலாளராக இருந்தவன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். தலைமை அலுவலகம் மும்பையில். நியமனக் கடிதம் அங்கிருந்து வந்தது. 2022 மார்ச்சில் வேலை நீக்கக் கடிதமும் அங்கிருந்தே வந்தது. எட்டுப் பக்கக் கடிதத்தில் சம்பளம் எழுதியிருந்த பக்கம் மட்டும் மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. கோர்ட்டைப் பற்றிய வரி இருந்த ஆறாம் பக்கம் புதுத்தாள் போலவே இருந்தது. நம் வீடுகளில் நியமனக் கடிதம் வந்தால் அதைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிடுகிறோம், படிப்பதில்லை. இந்த வார்த்தையில் நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒருவர்மேல் எந்த ஊரில் வழக்குத் தொடரலாம் என்பதைச் சிவில் நடைமுறைச் சட்டம், 1908, அதன் 20-வது பிரிவில் சொல்கிறது. பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரில் தொடரலாம். வழக்குக்குக் காரணமான செயல் முழுவதுமோ ஒரு பகுதியோ நடந்த ஊரிலும் தொடரலாம். வேலை பார்த்தது மைசூர், சம்பளம் நின்றது மைசூர். ஆகவே மைசூரிலும் தொடரலாம். கடிதம் எழுதித் தீர்மானம் எடுத்தது மும்பை. ஆகவே மும்பையிலும் தொடரலாம். சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்துவைக்கிறது. அந்த ஷரத்து ஒரு கதவைச் சாத்திவிடுகிறது.

அப்படிச் சாத்த முடியுமா என்றால், முடியும். 1971-ல் ஹக்கம் சிங் என்னும் ஒப்பந்தக்காரருக்கும் கேமன் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எங்கள் இலாகாவின் பாஷையில் சொன்னால், ஓர் ஊருக்கு இரண்டு வழியாக ரயில் போகுமானால், 'இந்த வழியாகத்தான் போவேன்' என்று இருவர் பேசிக்கொள்ளலாம். ஆனால் தண்டவாளமே போடாத வழியில் ரயிலை விட அவர்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டாலும் நடவாது. சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க இயலாது. மைசூரில் வேலை, பெங்களூரில் கம்பெனி, அங்கேயே கடிதம், ஆனால் ஷரத்தில் மட்டும் கல்கத்தா என்றிருந்தால், அந்த ஷரத்து வெறும் மையே.

இந்த இடத்தில் நம் சேலத்துக்கு ஒரு பங்கு உண்டு. சேலத்து வியாபார நிறுவனம் ஒன்று 1974-ல் குஜராத்திலுள்ள உற்பத்தியாளரிடம் ஜரிகை போன்ற உலோக நூல் வாங்க ஒப்பந்தம் செய்தது. 5,000 பாபின், ஒன்று 35 ரூபாய். சரக்கு விஷயத்தில் தகராறு எழுந்தது. ஒப்பந்தத்தில் 'தகராறு கைரா அதிகார வரம்புக்கு உட்பட்டது' என்று இருந்தது. கைரா என்பது குஜராத்தில் ஒரு ஜில்லா. சேலத்தார் சேலத்திலேயே வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டு, இங்கே செல்லாது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. 1989-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. காரணம், 'மட்டும்' என்ற ஒரு சொல் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. கைராவைச் சொன்னார்களே ஒழிய, மற்ற ஊர்களை விலக்கவில்லை என்பது தீர்ப்பு. ஏ.பி.ஸி. லாமினார்ட் வழக்கு என்று வக்கீல்கள் இதை இன்றும் சொல்வார்கள்.

ஒரு சொல்லால் பிழைத்தது அந்தக் காலம். 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் என்ற ஜெய்ப்பூர் நிறுவனம் இந்தியன் ஆயிலோடு வழக்காடியபோது, ஒப்பந்தத்தில் கல்கத்தா என்று இருந்தது, 'மட்டும்' இல்லை. ஆயினும் மூன்று நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம், ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறித்தாலே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் தெரிகிறது, அந்தச் சொல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று கூறியது. ஆகவே 'மட்டும் என்று இல்லையே' என்று ஆறுதல் கொள்வது இப்போது பலன் தராது. சேலத்து வழக்கை மட்டும் கேள்விப்பட்டு நம்பிக்கையோடு இருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்கவும்.

இவையெல்லாம் வியாபாரிகளின் வழக்குகள். இரண்டு கம்பெனிகள் சரிசமமாக உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டவை. வேலைக்குப் போகும் பையன் அப்படியா உட்கார்ந்து பேசுகிறான்? இந்தக் கேள்விதான் 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

எச்.டி.எஃப்.சி. வங்கியில் பாட்னாவில் பணியாற்றிய ஒருவரும் தில்லியில் பணியாற்றிய ஒருவரும் வேலை நீக்கப்பட்டார்கள். இருவரும் தத்தம் ஊரில் வழக்குத் தொடுத்தார்கள். இருவருடைய ஒப்பந்தத்திலும் மும்பை நீதிமன்றங்களுக்கே தனி அதிகாரம் என்ற ஷரத்து இருந்தது. பாட்னா உயர் நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. தில்லி உயர் நீதிமன்றம் ஊழியரின் பக்கம் நின்றது. ஒரே வங்கி, ஒரே மாதிரி ஷரத்து, இரண்டு தீர்ப்பு. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் இருவரும் அமர்ந்து இதை முடித்துவைத்தார்கள். வேலை ஒப்பந்தத்திலும் அந்த ஷரத்து செல்லும். இருவரும் மும்பைக்கே போகவேண்டும் என்றார்கள்.

அவர்கள் கூறிய காரணங்கள் மூன்று அடிப்படைகளில் நிற்கின்றன. முதலாவது, ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 28-வது பிரிவு, ஒருவன் கோர்ட்டுக்கே போகக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. இந்த ஷரத்து கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்கவில்லை, எந்தக் கோர்ட்டு என்று மட்டுமே சொல்கிறது. இரண்டாவது, குறிக்கப்பட்ட நீதிமன்றத்துக்குச் சட்டப்படி இயல்பாகவே அதிகாரம் இருக்கவேண்டும்; நியமனம் தீர்மானிக்கப்பட்டதும், கடிதம் அனுப்பப்பட்டதும், நீக்கம் தீர்மானிக்கப்பட்டதும் மும்பையில் ஆதலால் மும்பைக்கு அது இருக்கிறது. மூன்றாவது, இன்ன ஊர் என்று இரு தரப்பும் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ ஒப்புக்கொண்டிருக்கவேண்டும்.

வலியவனும் எளியவனும் செய்யும் ஒப்பந்தம் ஆயிற்றே என்ற வாதத்துக்கும் நீதிபதிகள் விடை சொல்லியிருக்கிறார்கள். சிங்கமும் முயலும் என்ற உவமையை அவர்களே எடுத்தாண்டு, ஒரு பக்கம் பலம் மிகுதி என்பதற்காக வேலை ஒப்பந்தத்தை மட்டும் வேறு விதமாக நடத்த முடியாது, ஒப்பந்தம் எதுவாயினும் ஒப்பந்தமே என்றார்கள். தீர்ப்பு நாட்டின் சட்டம், தலைவணங்குகிறோம். ஆனால் முயலின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கும் இருபத்து மூன்று வயதுப் பையனிடம் 'ஆறாம் பக்கத்து ஷரத்தை மாற்றித் தாருங்கள்' என்று கேட்கும் துணிவும் இல்லை, கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. நூறு ஊரில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் நூறு கோர்ட்டுக்கு ஓட முடியாது என்பது நியாயமே. ஆனால் அந்த நிறுவனத்துக்கு நூறு ஊரிலும் வக்கீல் வைக்கப் பணம் உண்டு. பையனுக்கு ஓர் ஊரில் வைக்கவே கடன் வாங்கவேண்டும்.

பிற தேசங்களில் இதை வேறு விதமாகவும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, ஊழியன் தான் வழக்கமாக வேலை செய்யும் ஊரிலேயே முதலாளிமேல் வழக்குத் தொடரலாம். அதைப் பறிக்கும் ஒப்பந்தம், தகராறு எழுந்தபின் செய்துகொண்டதாக இருந்தாலொழிய, அவனைக் கட்டாது. அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில், 2017-க்குப் பிறகு எழுதப்படும் வேலை ஒப்பந்தங்களில், அங்கே வசித்து அங்கேயே முக்கியமாக வேலை செய்பவனை வெளி ராஜ்யத்துக் கோர்ட்டுக்கு வரச்சொல்லி முதலாளி கட்டாயப்படுத்த முடியாது. தன் சொந்த வக்கீலை வைத்துப் பேசி ஒப்புக்கொண்டவனுக்கு மட்டுமே விலக்கு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் செய்யும் அதிகாரம் பார்லிமெண்டிடம் இருக்கிறது. அதுவரை ஏப்ரல் 8-ஆம் தேதித் தீர்ப்பே நமக்கு வழி.

ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லா வேலைக்காரர்களையும் மும்பைக்கு அனுப்பிவிடவில்லை. இது முக்கியம், பெரியவரிடமும் இதையே அழுத்திச் சொன்னோம். சட்டத்தின் கண்ணில் 'தொழிலாளி' யார், அல்லாதார் யார் என்பதே முதற் கேள்வி. தொழிலாளி எனில் அவன் பாதை சிவில் கோர்ட்டே அன்று. முன்பு தொழில் தகராறுச் சட்டம், 1947. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2020. மைசூரில் வேலை பார்த்த தொழிலாளியின் நீக்கத் தகராறு மைசூருக்குரிய தொழிலாளர் துறை அதிகாரியின் முன் சமரசப் பேச்சாகத் தொடங்கும். நியமனக் கடிதத்தில் எந்த ஊர் எழுதியிருந்தாலும் அந்தப் பாதையை அது அடைக்காது.

தொழிலாளி என்றால் சம்மட்டி பிடிப்பவன் மட்டும் அல்லன். எழுத்து வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவரும் அதில் அடங்குவர். நிர்வாகம் செய்பவர் அடங்கார். மேற்பார்வை செய்பவராகி மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவரும் அடங்கார். இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். கோர்ட்டு பார்ப்பது பதவியின் பெயரை அன்று, செய்த வேலையை. இந்நாளில் கடைப் பையனுக்கும் 'எக்ஸிகியூட்டிவ்', 'மேனேஜர்' என்று பட்டம் சூட்டிவிடுகிறார்கள். லீவு கொடுக்கவும், வேலைக்கு எடுக்கவும், தண்டிக்கவும் அதிகாரம் இல்லாமல், நாள் முழுதும் கணக்கு எழுதியவன் மேனேஜர் என்று அழைக்கப்பட்டாலும் தொழிலாளியே ஆகலாம். நம் பெரியவரின் மகனுக்கு இந்த வாசல் திறக்கவில்லை. அவன்கீழ் எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு லீவு கொடுத்தவன் அவனே.

தொழிலாளிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. காஜியாபாத் தொழிற்சாலை ஒன்றில் டிரைவராக இருந்தவர் வேலை போனபின் தில்லிக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தே தலைமை அலுவலகத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, தில்லித் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடினார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வேலை பார்த்ததும் வேலை போனதும் காஜியாபாத்தில் ஆதலால் தில்லிக்கு அதிகாரமில்லை என்றது. வேலை போனதும் மூட்டை கட்டிக்கொண்டு சேலத்துக்கோ திருச்சிக்கோ போய்விடுவது நம்மவர் வழக்கம். போகலாம், வழக்கு மட்டும் வேலை பார்த்த ஊரிலேயே நிற்கும்.

விபத்து நஷ்ட ஈட்டில் சட்டம் இரங்கியிருக்கிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிற்காலத்தில் செய்த திருத்தப்படி, விபத்து நடந்த இடத்திலோ, நஷ்ட ஈடு கேட்பவர் வசிக்கும் இடத்திலோ, முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்திலோ கேட்கலாம் என்றிருந்தது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த வசதி அப்படியே இருக்கிறது. மைசூரில் சாரம் சரிந்து மகனை இழந்த தாய், தருமபுரியில் தன் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். இந்த ஒரு செய்தி தெரியாமல் மாதந்தோறும் பஸ்ஸில் வந்து போன ஒரு குடும்பத்தை நாம் அறிவோம்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் கதை வேறு. எங்களுக்கு வேலை என்பது வெறும் ஒப்பந்தம் அன்று, ஓர் அந்தஸ்து என்று கோர்ட்டுகள் சொல்கின்றன. மைசூரில் வேலை பார்க்கும் ரயில்வேக்காரர் தம் குறையை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் பெங்களூர்க் கிளையில் முறையிடலாம். ஓய்வு பெற்றவரோ வேலை நீக்கப்பட்டவரோ ஆனால், 1987-ஆம் ஆண்டு விதிகளின்படி, அவர் அப்போது வசிக்கும் ஊருக்குரிய கிளையிலேயே முறையிடலாம். வேலையை இழந்தவன் வீட்டருகே நியாயம் கேட்கட்டும் என்ற அந்த விதியை எழுதியவர் யாரோ, நல்ல மனம் படைத்தவர். தனியார் துறைக்கு அப்படி ஒரு விதி வந்தால் எத்தனை வீடுகளில் விளக்கெரியும்!

பெரியவர் அடுத்துக் கேட்டது எல்லாரும் கேட்பதே. "மும்பையில் போட்டுவிட்டு இங்கே மாற்றிக் கேட்கக்கூடாதா?" ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு, நடைமுறைச் சட்டத்தின் 25-வது பிரிவு. அதற்குத் தில்லிக்குப் போய் மனுப் போடவேண்டும். ஒப்பந்தத்தில் தானே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஊரைத் தூரம் என்று சொல்லி மாற்றக் கேட்பது எளிய காரியமன்று. அதை நம்பி நாளைப் போக்கவேண்டாம் என்றோம்.

மாற்றுவது வேறு, திருப்பித் தருவது வேறு. மாற்றப்பட்ட வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திருப்பித் தரப்பட்ட பிராது புதிய கோர்ட்டில் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். 2020 ஆகஸ்டில் எக்ஸெல் கேரியர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதுவும் இப்படிப்பட்ட ஷரத்தைப் பற்றிய வழக்கே. ஐந்து ஆண்டு சாட்சி விசாரித்திருந்தாலும் அத்தனையும் போயிற்று. 'இங்கே போட்டுப் பார்ப்போம், எதிரி ஆட்சேபித்தால் பார்த்துக்கொள்வோம்' என்று சிலர் சொல்வதுண்டு. எதிரி தொடக்கத்திலேயே, வழக்கின் பிரச்சினைகள் வகுக்கப்படும் முன், ஆட்சேபிக்காவிட்டால் பிறகு ஆட்சேபிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்த ஷரத்தை எழுதிய நிறுவனமே அதை மறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நம்பிக்கையன்று, சூது.

இப்போது பெரியவரின் பையிலிருந்த உண்மையான ஆபத்துக்கு வருகிறோம். இத்தகைய ஒப்பந்த வழக்குகளுக்குக் காலவரையறை மூன்று ஆண்டு. பையன் வேலை போனது 2022 மார்ச். கம்பெனி திரும்ப அழைத்துக்கொள்ளும் என்று எண்ணி, மனுவுக்குமேல் மனுவாக எழுதி, 2025 ஜனவரியில்தான் வழக்குப் போட்டான். அதாவது மூன்று ஆண்டில் இரண்டு மாதமே மிச்சம் வைத்திருந்தான். தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் வழக்காடிய காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று காலவரையறைச் சட்டம், 1963-ன் 14-வது பிரிவு சொல்கிறது. அதன்படி மைசூர் கோர்ட்டில் இருந்த நாட்கள் கழிந்துபோகும். ஆனால் பிராது கைக்கு வந்த மறுநாள் முதல் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கிவிடும்.

"இது என்றைக்கு வந்தது?" என்று கேட்டோம்.

பெரியவர் தேதியைக் காட்டினார். ஐந்து வாரம் ஆகியிருந்தது. பையன் அதை யாரிடமும் சொல்லாமல், அவமானத்தால், துணிகளுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்தான். தாய் தற்செயலாகக் கண்டெடுத்திருக்கிறாள். இரண்டு மாதத்தில் ஐந்து வாரம் போய்விட்டது. இன்னும் மூன்று வாரமும் சில நாட்களுமே இருந்தன. அவரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். நாம் கையைப் பிடித்து உட்காரவைத்தோம்.

அன்று மாலையே பையன் வந்தான். தலை நிமிரவில்லை. சங்கத்து வக்கீல் அன்பரையும் வரவழைத்து, நாட்காட்டியை மேசையில் விரித்து எண்ணினோம். 14-வது பிரிவின் சலுகை தானாகக் கிடைப்பதன்று, நல்லெண்ணத்தோடு போட்டோம் என்று காட்டவேண்டும், 'ஷரத்து உன் கடிதத்திலேயே இருந்ததே' என்று எதிரி கேட்பான் என்று வக்கீல் சொன்னார். அதற்கு அவனிடம் ஒரு விடை இருந்தது. அவன் மைசூரில் வழக்குப் போட்டது 2025 ஜனவரியில். உச்ச நீதிமன்றம் வேலை ஒப்பந்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது அதற்குப் பிறகு, ஏப்ரலில். அதுவரை தில்லி உயர் நீதிமன்றம் போன்ற பெரிய நீதிமன்றமே ஊழியர் பக்கம் நின்றது. அப்படியிருக்க, அந்த ஜனவரியில் ஒரு சாதாரண மனிதன் தன் ஊரில் போட்டதைத் துர்எண்ணம் என்று யார் சொல்வார்? வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார். மும்பைக்கு இன்ன தேதியில் இரு தரப்பும் ஆஜராகவேண்டும் என்று இங்கேயே நாள் குறித்து வாங்கிக்கொள்ள, பிராதைத் திருப்பித் தருமுன் வாதி கேட்டிருக்கலாம். புதிய சம்மன் அனுப்பும் காலம் மிஞ்சியிருக்கும். அதைக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை, அவன் வக்கீலும் கேட்கவில்லை.

வருமானம் குறைந்தவர்க்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட பழங்குடி வகுப்பினர்க்கும், தொழிலாளர்க்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகவேண்டும். மும்பையிலும் அது இருக்கிறது. வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்பதை ஈ-கோர்ட்ஸ் வலைத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்காக மட்டும் ஒருவர் ரயில் ஏறவேண்டியதில்லை.

நியமனக் கடிதம் இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பெண் ஒருத்தி, கையொப்பமிடுமுன், 'குறிப்பிட்ட ஊரோடு, நான் வேலை செய்யும் ஊரின் நீதிமன்றமும்' என்று ஒரு வரி சேர்க்கும்படி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மைசூரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆனால் குர்காவ்ன் என்றிருந்ததைப் பெங்களூர் என்று மாற்றிக்கொடுத்தார்கள். வேலையும் போகவில்லை. பெங்களூருக்கு மூன்று மணி நேரம். அதற்குமேல் ஒரு வரியைக் கொண்டு என்ன சம்பாதிக்க முடியும்? ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் அந்தப் பக்கத்தை இன்றிரவே எடுத்துப் படித்து, ஊர்ப் பெயரைச் சிவப்பு மையால் கோடிட்டு வைக்கவும். வேலை போனால் முதல் நாளே எந்த ஊர் வக்கீல் என்று தெரிந்திருக்கும்.

மும்பை வக்கீல் ஒருவரின் விலாசம் கிடைத்தது. காகிதங்களை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பமிட்டு வரவேண்டும் என்றார். தாதருக்குப் போகும் சராவதி எக்ஸ்பிரஸ் மைசூரிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான். அதற்குக் காத்திராமல் பெங்களூர் போய், தினந்தோறும் ஓடும் உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு என்று சொன்னோம். இடம் இருந்தது. பையனுக்கு ஒன்று பதிவு செய்தபின் பெரியவர் தமக்கும் ஒன்று கேட்டார். வேண்டாம் என்று மகன் சொல்லியும் கேட்கவில்லை.

"திரும்பி வருவதற்கும் இப்போதே போட்டுவிடலாமா தம்பி?" என்றார். "எத்தனை தடவை போகவேண்டியிருக்கும்?"

வக்கீல் நம்மைப் பார்த்தார். நாம் திரும்பி வரும் சீட்டுகள் இரண்டையும் பதிவு செய்து அவர் கையில் கொடுத்தோம்.